துண்டு போர்த்த ஒரு ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

விடியற்காலையில் ஒரு கனவு. எங்கள் பாப்டிஸ்ட் சபைத் தொட்டியில் முங்கியிருக்கிறேன். மேலே உன் முகம் நிலா மாதிரி அசைகிறது.

நிஜத்தில், அன்று என் முழுக்குக்கு நீ வரவில்லை. "குழந்தையிலேயே தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் ஆச்சு, இவளுக்கு இன்னொரு குளியலா?" என்றாய். முழுக்கெடுத்து ஏறுகிறவளுக்கு வீட்டு ஆட்கள்தான் துண்டு போர்த்துவார்கள். எனக்கு ஆளில்லை. ஈரப் புடவையோடு மர்பி டவுனில் இருந்த வீடு வரை நடந்தேன். மறப்பேனா?

ஞாயிற்றுக்கிழமை உன் பேத்தி கெசியா அதே தொட்டியில் இறங்குகிறாள். அவளோடும் நீ பேசுவதில்லையாம். அழுகிறாள்.

விசுவாசத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதென்று சொல்லித்தான் எங்கள் சபையின் முன்னோர்கள் சீமையில் ஜெயிலுக்குப் போனார்களாம். அதனால் உன்னை வா என்று இழுக்க மாட்டேன். துண்டை மட்டும் மடித்துப் படியருகே வைப்பேன். அவள் ஏறும்வரை அந்த இடத்தில் யாரையும் நிற்க விடமாட்டேன். நானும் நிற்க மாட்டேன்.

இன்னும் ஈரம் காயாத
உன் தங்கை