மாமா தூக்கிய மாத்திரை டப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா உயிரோடு இருக்கிறாள், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே. ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு வந்திருக்கும் ரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டு மரபணுக்களின் துண்டுகள் தப்பாக ஒட்டிக்கொண்டு, அணுவை வளர்க்க வேண்டிய மற்ற மரபணுக்களின் வாயை அடைத்துவிட்டன என்றார் டாக்டர். மாத்திரை அந்த அடைப்பை நீக்கும், அணுக்கள் முதிர்ந்து தாமாகவே சாகும். அதுவரை ரத்தம் சரியாக உறையாது, எங்கே கசியுமோ என்பதுதான் பயம். இதை உன் மாமாவுக்கு ஒழுங்காக விளக்க நினைத்து, அது வைட்டமின் ஏ வகை மருந்து என்று ஆரம்பித்தேன். அங்கே ஆரம்பித்ததுதான் தப்போ என்னவோ. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கக்கா ஈறெல்லாம் ரத்தமா கிடக்குறா, சத்து மாத்திரை குடுத்து ஏமாத்துறானுங்களா என்று கத்திக்கொண்டு வார்டுக்குள் பாய்ந்தார். சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி ஜன்னலை நொறுக்கினார். டாக்டரைச் சுவரோடு அழுத்தி முகத்தில் குத்தினார், புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். தடுக்க வந்த காவலாளியின் பல் ஒன்று தரையில் உருண்டது. பிறகு மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிக்கு ஓடினார். அம்மா அவரைப் பிடிக்கக் கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தாள். விழுந்தால் தலைக்குள் ரத்தம் கசிந்துவிடும். எழுதக் கை கூசுகிறது, வெந்நீர் ஃபிளாஸ்க்கால் உன் மாமாவின் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு அடியும் போட்டேன், அது தேவையில்லைதான். மாத்திரைகள் தப்பின.

அடி வாங்கினது நாங்க, கேஸ் குடுக்கிறத அந்தம்மா பொழைச்சப்புறம் பார்த்துக்கலாம் என்றார் டாக்டர். அது நடந்து ஒரு வாரமாகிறது. புருவத் தையலோடு இன்று அவரே என்னையும் உன் மாமாவையும் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நின்றுபோன அணுக்கள் முதிரத் தொடங்கிவிட்டன. மாவுக்கட்டோடு குனிந்து பார்த்த மாமா, அத்தான், இத முதல்லயே காட்டியிருந்தா என் கை மிச்சமாயிருக்குமே என்று அழுதார். அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். ஒரு கொசுவைக்கூட அடிச்சதில்ல இந்த மனுஷன் என்று என்னைக் காட்டி வாய்விட்டுச் சிரித்தாள். ஈறில் ரத்தம் இல்லை, நான் இரண்டு தடவை பார்த்தேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ வேண்டும். மாமாவை ஃபோனில் திட்டாதேம்மா, பாவம், இடது கையால்தான் எடுக்கிறார்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா