மூட்டையின் இடது முன்கால்

ஜனவரி 6

மதிப்பிற்குரிய லாடக்காரர் ஐயாவுக்கு,

வணக்கம். போனில் பேசினால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவீர்கள் என்று உங்கள் மகள் வாலுவின் அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன். நான் அவளை மணந்து இரண்டு வருடம் ஆகியும் நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மேல்தான் தப்பு.

வாலுவுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. ஆறு மாதமாகச் சவாரி வகுப்புக்குப் போகிறாள். இப்போது சொந்தமாக ஒரு மட்டக்குதிரை வேண்டுமாம். நானோ நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பவன். முதல் குதிரை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வீர்களா? "அப்பாகிட்ட கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்" என்கிறாள்.

பணிவுடன்,
பல் டாக்டர்

ஜனவரி 11

டாக்டருக்கு,

லெட்டர் வந்தது. ரெண்டு தடவை கிழிக்கப் போனேன். கடைசி வரி வாலு சொன்னதா இருந்ததால தப்பிச்சுது.

நல்லாக் கேட்டுக்குங்க. அழகான குதிரை வேண்டாம். இளசு வேண்டவே வேண்டாம். குழந்தையும் கத்துக்கணும், குதிரையும் கத்துக்கணும்னா எலும்புதான் உடையும். பன்னண்டு வயசுக்கு மேல, நாலு பிள்ளைங்களை ஏத்திச் சலிச்சுப்போனதாப் பாருங்க. சொல்லாம கொள்ளாம போய் நில்லுங்க. சொல்லிட்டுப் போனா, காலையிலேயே ஓட்டிக் களைக்க வச்சு சாதுன்னு காட்டுவாங்க. பக்கத்துல குடையை விரிங்க. வாளியைக் கீழே போடுங்க. நாலு காலையும் தூக்கிப் பாருங்க, அது சும்மா நிக்கணும்.

உங்களால இதெல்லாம் ஆகாது. வெள்ளைக் கோட்டு அழுக்காயிடும். அவ முதல்முதலா சொந்தக் குதிரையில ஏறுறப்ப பக்கத்துல நிக்கப்போறது நீங்க. எனக்கு வயிறு எரியுது. எழுதுறதுக்கு என்ன வெட்கம்.

இப்படிக்கு,
அவளோட அப்பா

பிப்ரவரி 2

ஐயாவுக்கு,

பதினொரு குதிரை பார்த்தேன். ஒன்று என் சட்டைக் கையைக் கடித்துக் கிழித்தது. நேற்றுதான் கிடைத்தது. பெயர் மூட்டை. பழுப்பு நிறம், தொப்பை, தூங்குமூஞ்சி. குடையை விரித்தேன், முகர்ந்துவிட்டுத் தின்னப் பார்த்தது. வாளி விழுந்ததும் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்.

விற்கிற அம்மாள் பன்னிரண்டு வயது என்றார். குதிரைப் பல்லைப் பற்றிப் போன வாரம்தான் ஒரு புத்தகம் வாங்கிப் படித்திருந்தேன். வாயைத் திறந்து பார்த்து, பதினாறுக்குக் குறையாது என்றேன். அவர் குதிரையின் பிறப்புச் சீட்டைத் தேடி எடுத்தார். பதினாறேதான். வாலு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "டாக்டர் பலே ஆள்" என்றாள். அவளாக என் கையைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

ஆனாலும் நீங்கள் பார்த்துச் சரி என்றால்தான் ஏறுவாளாம். மூட்டை இருக்கும் லாயம் உங்கள் பட்டறையிலிருந்து அரை மணி தூரம்தான். தயவுசெய்து ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள்.

நன்றியுடன்,
பல் டாக்டர்

பிப்ரவரி 9

டாக்டருக்கு,

பார்த்தேன். இடது முன்கால்ல நோவு இருக்கு. வேண்டாம். அப்பா சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடுங்க.

பிப்ரவரி 13

ஐயாவுக்கு,

சொன்னேன். "அப்பா சொன்னா சரிதான்" என்றாள். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பல்லை மட்டும் பார்த்தீங்க, காலைப் பார்க்கலை" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. வகுப்புக்கும் என் வண்டியில் வர மாட்டேன் என்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வேண்டாம் என்றது நீங்கள்தானே, கோபம் உங்கள் மேல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தினமும் காலையில் தலை பின்னிவிடுகிறவன் நான். எங்கேயோ இருந்துகொண்டு நீங்கள் ஒரு வரி எழுதினால் அதுதான் அவளுக்கு வேதம். இரண்டு வருடமாக எனக்கு உங்கள் மேல் பொறாமை.

அந்த அம்மாள் மாதக் கடைசிவரை மூட்டையை வேறு யாருக்கும் கொடுக்கப்போவதில்லையாம். பாவம், காலில் நோவு என்பதை அவராலும் நம்ப முடியவில்லை.

பல் டாக்டர்

பிப்ரவரி 16

டாக்டருக்கு,

மூட்டையோட கால்ல ஒண்ணும் இல்ல.

குத்தம் கண்டுபிடிக்கணும்னே போனேன். நாலு காலையும் தூக்கினேன், சுத்தியால தட்டினேன், கல்லு மேல நடத்தினேன். நானே ஒரு வருஷம் தேடியிருந்தாலும் இதைவிட நல்லது கிடைச்சிருக்காது. நீங்க கண்டுபிடிச்சதுதான் எனக்குப் பொறுக்கலை. வீடு உங்களுது, அவ அம்மா உங்க பக்கம், குதிரை விஷயத்துலயாவது நான்தான்னு இருந்தேன். அதையும் எடுத்துக்கிட்டீங்களேன்னு ஆத்திரம். பொய் எழுதிட்டேன்.

இந்த லெட்டரை அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க. நான் பண்ணினதுக்கு நீங்க திட்டு வாங்கக் கூடாது. முதல்ல போய்க் குதிரையை வாங்குங்க.

இப்படிக்கு,
அவளோட அப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள ஐயாவுக்கு,

படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு வரியை விட்டுவிடப் பார்த்தேன். தாளைப் பிடுங்கித் தானே படித்தாள். படித்து முடித்ததும், "அப்பாவுக்குப் பிடிக்காதது மூட்டையையா, உங்களையா?" என்று கேட்டாள். என்னைத்தான் என்றேன். "அப்ப மூட்டையை வாங்கிடலாம்" என்றாள். நேற்று வாங்கிவிட்டோம்.

லாடம் அப்பாதான் அடிக்க வேண்டும் என்றேன். "அடிக்கட்டும்" என்றாள். உங்களுக்கு எழுதத் தாளை எடுத்தேன். கதவுவரை போனவள் திரும்பி வந்து, "அப்பா அடிச்சு முடிச்சதும் வேற ஒருத்தரும் ஒரு தடவை பார்க்கட்டும்" என்றாள்.

அவள் உங்களை இப்படிச் சந்தேகித்தால் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை, ஐயா. அப்பா அடித்தாலே போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள். அந்த வேறொரு லாடக்காரர் பத்தரைக்கு வருகிறார்.

பல் டாக்டர்