கட்டைவிரலுக்கு அடங்காத கட்டம்

மார்ச் 4

என் சின்னச் சாவிக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று தொடங்க ஆசைதான், ஆனால் வலது தோள் உடைந்துவிட்டது. இது இடது கை எழுத்து. இந்த இரண்டு வரிக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. சிரிக்காதே.

நேற்று ஒரு கடை ஷட்டரின் மேல் பூட்டைக் கழற்றப் போனேன். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை எலும்பு தோளோடு சேருகிற இடத்தில் மூன்று துண்டாம். பத்து நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கை மேலே எழும்பாது என்கிறார் எலும்பு டாக்டர்.

"பெருசா கிழிக்க மாட்டோம் பெரியவரே. சின்னச் சின்னதா மூணு ஓட்டை. எக்ஸ்ரே திரையில பாத்துக்கிட்டே எலும்ப நேராக்கித் திருகு போட்டுடுவோம். சாவித்துவார ஆபரேஷன்னு சொல்லுவாங்க."

"அம்பது வருஷமா நானும் அதைத்தான் டாக்டர் பண்றேன். என்ன, நான் மயக்க ஊசி போடறதில்ல" என்றேன். நர்ஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிட்டார்.

எட்டு மாதம் முதியோர் மாலை வகுப்புக்குப் போய்ச் சேர்த்த எழுத்தெல்லாம் அந்தக் கையில்தான் இருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் கிடைத்ததை மூன்று துண்டு எலும்புக்காக விட்டுவிட முடியுமா? ஆபரேஷன் செய்துகொள்ளத்தான் போகிறேன். ஆனால் சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். படித்துப் பார்த்து, கையெழுத்துதான் போடுவேன். நாலு பக்கம். வீட்டுக்கு வாங்கி வந்திருக்கிறேன்.

முன்பு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் உன் பதில் வரவில்லை. இதற்காவது எழுது. போன் வேண்டாம். போனில் நாம் இரண்டே நிமிடத்தில் சண்டைக்குப் போய்விடுவோம்.

அன்புடன்,
அப்பா

மார்ச் 6

அப்பாவுக்கு,

கூரியர் வந்தது. முந்தைய இரண்டும் வந்தன. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் இருந்தாலும் மேலே வார்டில் நடப்பது காதில் விழும். நாள் கடத்தினால் உடைந்ததைச் சின்னத் துளையில் சரிசெய்ய முடியாமல் பெரிதாகத் திறக்க வேண்டி வரும். நாலு பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்? கைநாட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் என் நர்சிங் பள்ளிப் படிவத்தில் 'சம்மதம் இல்லை' என்று கைநாட்டு வைக்க உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லையே. இப்போது மட்டும் எதற்கு இந்த வீம்பு?

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 8

என் சின்னச் சாவிக்கு,

நாலு பக்கமும் படித்துவிட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் பக்கத்தில் 'இடது தோள்' என்று இருந்தது. முதலில் என் படிப்பில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். இ, ட, து. இடதேதான்.

இன்று காலை படிவத்தோடு போய், பதிவு மேஜையில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். "எதிர்ல உக்காந்து எழுதினியாம்மா? நீ கதவுக்கு வெளிய நின்னு பாத்து இடக்கைப் பூட்டுன்னு எழுதிட்ட. உள்ள இருக்கறவன் நான். எனக்கு வலது" என்றேன். பூட்டு வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு அது. டாக்டரைக் கூப்பிட்டார்கள். "எக்ஸ்ரேயைப் பாத்தா எங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆனாலும் உங்க கண்ணு கண்ணுதான்" என்று அவரே அடித்துத் திருத்தினார். அதற்குக் கீழே இடது கையால் கையெழுத்துப் போட்டேன். ஓணான் ஊர்ந்தது போல இருக்கிறது, இருந்தாலும் என் பெயர். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன்.

வீம்பு எதற்கு என்று கேட்டாய். மயக்க ஊசிக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

உன் படிவம் வந்த அன்று நீ வெளியூரில் இருந்தாய். நீ வருவதற்குள் நானே அனுப்பிவிட்டால் மகிழ்வாய் என்று நினைத்தேன். அதில் இரண்டு கட்டம் இருந்தது. மேலே இருந்தது சின்னது, என் கட்டைவிரலுக்கு அடங்காது. கீழே இருந்தது பெரியது. கைநாட்டுக்காகத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று அதில் வைத்தேன். அதுதான் 'சம்மதம் இல்லை' கட்டம் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் நடந்தது.

நீ அழுதுகொண்டு வந்து, "தெரிஞ்சேதான் வெச்சீங்களா?" என்று கேட்டாய். ஊருக்கெல்லாம் பூட்டுத் திறக்கிறவன், ஒரு காகிதம் புரியவில்லை என்று பெற்ற பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா, அவ்ளோ தூரம் போக வேணாம்" என்றேன். முட்டாள் என்று நீ நினைப்பதைவிட, கல் நெஞ்சுக்காரன் என்று நினைப்பது மேல் என்று தோன்றியது.

உனக்கு அதை என் கையாலேயே எழுத வேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு கடிதத்திலும் முயன்றேன், வெயிலைப் பற்றியே எழுதி முடித்துவிட்டேன்.

அப்பா

ஏப்ரல் 21

என் சின்னச் சாவிக்கு,

பார், வலது கை! திருகு உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது. தோளில் மூன்று தழும்பு, ஒவ்வொன்றும் ஒரு சாவித்துவாரம் அளவுதான். நேர்த்தியான வேலை. டாக்டரிடம், "கடையில வேலைக்குச் சேர்றீங்களா?" என்று கேட்டேன்.

இப்போது சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி. எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் கோடு போடுகிறேன். நேற்றைய கோட்டைத் தாண்டாமல் கையை இறக்குவதில்லை. வலிக்கிறது. வலிக்கட்டும். கடையில் சாவி மாட்டும் பலகையின் மேல் ஆணிக்கு இன்னும் நாலு விரல் இருக்கிறது.

ஆறு வாரமாக உன் பதில் இல்லை. கேட்கவில்லை, எழுதி வைக்கிறேன். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

அப்பா

மே 3

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆபரேஷனுக்கு முன் நீங்கள் எழுதிய கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். முதல் வாரம் அழுகை. இரண்டாவது வாரம் அதைவிடக் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் போட்டிருப்பேனே! அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. போகும்போது சொல்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு நர்சிங் வகுப்பு தொடங்குகிறார்கள். மூன்று வருடம், மாலையில். நாற்பது வயதுவரை சேரலாம். எனக்கு நாற்பது. குடும்பத்தார் ஒருவர் சம்மதம் தர வேண்டுமாம். உங்கள் மாப்பிள்ளை பேனாவை எடுத்தேவிட்டார். "குடுங்க இப்படி. இது அப்பா போட வேண்டியது" என்று பிடுங்கிக்கொண்டேன்.

படிவத்தை இதோடு அனுப்புகிறேன். நான் அடையாளம் எதுவும் போடவில்லை, எங்கே கையெழுத்து என்றும் சொல்ல மாட்டேன். நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சின்னச் சாவி

மே 6

என் சின்னச் சாவிக்கு,

படித்தேன். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து போட்டேன்.

மேல் கட்டம் இப்போதும் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பெயர் அதில் முழுசாக அடங்கிவிட்டது.

அப்பா