நம் மகள் வாயால் நான் சொன்ன பொய்

என்னங்க,

இருபது வருஷமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போன பிறகு கூப்பிட ஆளில்லாமல் இந்த வார்த்தை வாய்க்குள்ளேயே கிடக்கிறது. காகிதத்திலாவது கூப்பிட்டுக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல் "ம்ம், சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லுங்கள், அது போதும்.

முதலில் நல்ல சேதி. நம் கீர்த்தி டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டாள். ஆமாம், அரசுக் கல்லூரியேதான். நம் பட்டான்செரு வீட்டில் இருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஹாஸ்டலில் இருக்கிறாள். சீட் கிடைத்த சேதி வந்தபோது நான் மாதாப்பூரில் ஒரு பிள்ளைக்குத் தயிர்ச்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகு அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன், கம்பெனிக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். நான் அழுததைப் பார்த்து அந்தப் பிள்ளையும் அழுதுவிட்டது. அப்புறம் அதைச் சமாதானப்படுத்தவே அரை மணி நேரம் ஆனது.

வெள்ளைக் கோட்டு வாங்கக் கோட்டி கடைத்தெருவுக்குப் போனோம். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும் என்றேன். பதினெட்டு வயசுக்கு மேல் அவள் என்ன வளரப் போகிறாள்! "நக்கோ அம்மா, இத்தா லூஸ் நக்கோ" என்று, இவ்வளவு லூஸ் வேண்டாமாம், கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று, "அப்பா இருந்தா போட்டோ எடுத்தே என்னைக் கொன்னிருப்பாங்கள்ல" என்றாள். நான் பில் போடச் சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று நம் ஊரில் பிளஸ் டூ என்பார்களே, அவளுடைய அந்த இன்டர் புத்தகங்களை எல்லாம் அட்டைப் பெட்டியில் கட்டினேன். இரண்டு வருஷம் விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, டீ போட்டு, டெஸ்ட் மார்க்குக்குப் பயந்து, உங்களைப் பறிகொடுத்த நாற்பதாம் நாள் மாக் எக்ஸாம் எழுத அனுப்பி... எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. போனில், "இங்க எல்லாருமே அவங்கவங்க ஸ்கூல்ல ஃபர்ஸ்டும்மா. நான் யாருன்னே யாருக்கும் தெரியல" என்று மூக்கை உறிஞ்சினாள். பழகிவிடும் என்றேன். பழகுமா? எனக்கே இந்த வீடு இன்னும் பழகவில்லையே.

சரி, இதைச் சொல்ல மட்டும் நான் எழுத உட்காரவில்லை. உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் செய்தது நாலு பேர் முன்னால். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

கீர்த்தி இன்டர் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒரு படிவத்தோடு அடுப்படிக்கு வந்தீர்கள். செத்த பிறகு உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதற்கான படிவம். "ஏட்டி கோமதி, நம்ம புள்ள டாக்டருக்குப் படிக்கணும்னா யாரோ ஒரு வீட்டுக்காரங்க அவங்க ஆளைத் தூக்கிக் குடுக்கணும்லா? நம்ம மட்டும் வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள். "காலங்காத்தால பேசுத பேச்சைப் பாரு" என்று திட்டிக்கொண்டே, தோசை மாவுக் கையைத் துடைத்துவிட்டு, மனைவி கையெழுத்து என்று இருந்த இடத்தில் போட்டுக் கொடுத்தேன். படிக்கிற பிள்ளை பயந்துவிடும், அவளிடம் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். உங்களுக்கு அப்போது நாற்பத்தாறு வயசு. எண்பதில் நடக்கப்போகிற காரியத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷமே காலை ஷிப்ட் முடிந்து வந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. இப்படியா போவது? ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல்?

கையில் நோட்டோடு ஆஸ்பத்திரிப் பெண்மணி ஒருவர் என்னிடமும் கீர்த்தியிடமும் வந்தார். நீங்கள் உடம்பைத் தானமாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். உங்கள் பர்ஸ் என் கையில் இருந்தது. படிவம் கொடுத்த பிறகு உங்களுக்கு வந்த தான அட்டை பர்ஸில் எந்த மடிப்பில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காய்கறிக்காரரோடும் ஆட்டோக்காரரோடும் தெலுங்கில் மல்லுக்கு நிற்கிறவள், அன்றைக்குத் தெலுங்கே தெரியாதவள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். பாவம் கீர்த்தி, அம்மாவுக்கு அதிர்ச்சியில் எதுவும் காதில் ஏறவில்லை என்று நினைத்துவிட்டாள். "அப்பா பாடி டொனேட் பண்ண எழுதிக் குடுத்திருக்காங்களான்னு கேக்கிறாங்கம்மா" என்று தமிழில் சொன்னாள்.

"அப்படி ஒண்ணும் இல்லட்டி" என்றேன்.

அவள் அந்தப் பெண்மணியிடம் திரும்பி, அதையே தெலுங்கில் "அலாண்டிதி ஏமி லேதண்டி" என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன்? ஊரிலிருந்து உங்கள் அண்ணன் கிளம்பிவிட்டார், தம்பி முகத்தைப் பார்க்கணும், கொள்ளி வைக்கணும் என்று போனில் கதறுகிறார். அதனாலா? இல்லை. உங்கள் அண்ணன்மேல் பழியைப் போட மாட்டேன். உங்களை யாரோ பிள்ளைகள் சுற்றி நின்று வெட்டுவார்கள் என்று நினைக்கவே என்னால் முடியவில்லை. எனக்கு நீங்கள் வேணும். சாம்பலாகவாவது என் கையில் வந்து சேரணும். அவ்வளவுதான் காரணம், வேறு எந்த நியாயமும் என்னிடம் இல்லை.

ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அப்படியே போயிருக்கும். கல்லூரி சேர்ந்த மூன்றாவது வாரம் சனிக்கிழமை மத்தியானம் கீர்த்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள், துணிமணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு.

"நான் திரும்பிப் போகலம்மா. பிஎஸ்சி ஏதாச்சும் சேர்றேன். ப்ளீஸ்."

சோறு போட்டேன், தொடவில்லை. அப்புறம்தான் சொன்னாள். அனாடமி ஹாலில் முதல் நாள் எல்லோரும் தானமாக வந்த ஓர் உடம்பின் முன்னால் கைகட்டி நின்று உறுதிமொழி எடுத்தார்களாம். இவர்தான் உங்கள் முதல் ஆசிரியர், மரியாதையாக நடத்த வேண்டும் என்றார்களாம். இவள் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். "அவரோட காலு அப்பா காலு மாதிரியே இருக்கும்மா. நான் வெளிய ஓடி வந்துட்டேன். அப்புறம் உள்ளயே போகல. தினம் வாசல்ல நிக்கிறேன், மேம் திட்டுறாங்க." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவங்க வீட்ல எப்படிம்மா குடுத்தாங்க? அவங்க வைஃப் எவ்ளோ பெரிய மனசா இருக்கணும்!" என்றாள்.

அதைக் கேட்டுவிட்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன், சொல்லுங்கள். அவள் படிப்பை விட்டுவிட்டால் நீங்கள் ஆசைப்பட்டது இரண்டாவது தடவையும் என்னால் கெட்டுப்போகும். பீரோவைத் திறந்து உங்கள் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். திருப்பித் திருப்பிப் படித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை.

"என் வாயாலயே சொல்ல வச்சியாம்மா?" என்றாள்.

மறுநாள் காலையில் அந்த மூட்டையையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். படிக்கப் போகிறாளா, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறாளா, எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாள் போன் இல்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை. காப்பகத்தில் பிள்ளைகள் "அம்மா" என்று கூப்பிட்டால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

பத்தாம் நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். "இன்னிக்கு உள்ள போனேன். அப்பா வந்திருக்க வேண்டிய இடத்துல வேற யாரோட அப்பாவோ வந்து படுத்திருக்காங்க. நான் வாசல்லயே நின்னா ரெண்டு பேருக்கும் துரோகம்ல?" குரல் வறண்டுபோய் இருந்தது. நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. வைத்துவிட்டாள். என்னை மன்னிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் உள்ளே போனாளே, அது போதும் என்று அழுதேன்.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் என் பெயரில் ஒரு படிவம் வாங்கி வந்து நிரப்பினேன். போன வாரம் பண்டிகை லீவுக்கு வந்தவள் முன்னால் அதை வைத்தேன். வாரிசு கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். என் ரத்த குரூப்பைத் தப்பாக எழுதியிருந்தேன், அதைத் திருத்தினாள். "அப்பாவுக்குச் செய்யாததை எனக்காவது செய்யட்டி" என்றேன். பேனாவை எடுத்தாள். காகிதத்தில் வைத்தாள்.

வைத்த பேனா நகரவே இல்லை.

"என்னால முடியலம்மா" என்றாள். "தினம் அந்த ஹாலுக்குப் போறேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆனா உன்னை முடியாது." பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி என் மேல் விழுந்து அழுதாள். எத்தனை மாதம் கழித்து என்னைத் தொடுகிறாள்! விக்கலுக்கு நடுவே, "அன்னிக்கு உனக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாட்டி" என்றேன்.

அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு லீவுக்கும் அவள் முன்னால் அந்தப் படிவத்தை எடுத்து வைப்பேன். திட்ட மாட்டேன், அவசரப்படுத்த மாட்டேன், ஆனால் விடவும் மாட்டேன். என்னைப் பிடித்துக்கொள்ளாமல் விடுவதற்கு அவளுக்கு வருஷக்கணக்கில் நேரம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். உங்களைப்போல ஒரு சாயங்காலத்தில் போக மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. உங்களிடம் வந்து சேரும்போது உடம்பை இங்கேயே பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வருவேன். அடையாளம் தெரியாமல் நிற்காதீர்கள். "என்னங்க" என்று கூப்பிடுவேன், அது நான்தான்.

உங்களை விட மனசில்லாத உங்கள் மனைவி,
கீர்த்தியின் அம்மா,
கோமதி