கொடியில் விறைத்த துண்டு

அப்பா,

இன்று காலை மதுரையில், பக்கத்து வீட்டு மாடிச் சுவரில் ஆரஞ்சுத் தோல்களை வெயிலுக்குப் பரப்பியிருந்தார்கள். அந்த வாசனை என்னை மலைமேல் இருந்த நம் நாயுடுபுரம் வீட்டுக் கரியடுப்பின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. சுளைகளை என் கையில் கொடுத்துவிட்டு, தோலை நெருப்பில் போட்டு, அது பொரிவதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் போய் இது இரண்டாவது குளிர்காலம்.

அம்மா இறந்த பிறகு வந்த முதல் டிசம்பர் விடுமுறைதான் நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூர் விடுதியிலிருந்து வந்த நான், இனிக் கல்லூரிக்குத் திரும்புவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். உங்களைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. அதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் அம்மாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலைகளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். வெயில் நகர நகர ஈரத்துணிகளை இடம் மாற்றிப் போட்டோம். மண்ணோடு வாங்கிய காரட்டைக் குழாயடியில் விரல் மரத்துப்போகக் கழுவினோம். மத்தியானம் மூடுபனி இறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு பூண்டு உரித்தோம்.

ஒருநாள் விடிந்ததும் வாசலிலிருந்து கூப்பிட்டீர்கள். "பாப்பா, வெரசா வா. இங்க ஒரு ஆளு நிக்கிறாரு."

கொடியில் எடுக்க மறந்த துண்டு உறைபனியில் பலகையாய் விறைத்திருந்தது. அதைத் தரையில் நிமிர்த்தி வைத்து, தோளில் கை போட்டதுபோல நின்றுகொண்டிருந்தீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தபடியே, "உங்கம்மா பாத்திருந்தா ரெண்டு பேரையும் வஞ்சிருப்பா" என்றீர்கள். துண்டு உங்கள் கைச்சூட்டில் மெல்லத் தொய்ந்தது. அதிலேயே முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டீர்கள்.

அன்றைக்கு உப்புமாவை நீங்களே கிண்டினீர்கள். அடிப்பிடித்திருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அப்பா, நான் இங்கயே இருந்துடுறேன்."

"உப்புமா அவ்வளவு மோசமாவா இருக்கு?"

நீங்கள் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினீர்கள். "நீ நிம்மதியாப் போகணும்னுதானம்மா இதெல்லாம் பழகுறேன். போய்ப் படிச்சு முடி."

கிளம்பிய நாள் பஸ் ஸ்டாண்டில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தீர்கள். மற்றவர்களை வழியனுப்ப வந்தவர்கள் பஸ் நகரும்வரை கையசைத்து நின்றார்கள். நீங்களோ, "சரி பாப்பா, சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் நடந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் அப்படி என்ன சோலி என்று பாதி மலை இறங்கும்வரை எனக்கு வருத்தம். பிறகுதான் புரிந்தது. நீங்கள் அங்கே நின்றிருந்தால் நான் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பேன்.

போன ஜூனில் என் மகளைக் கல்லூரி விடுதியில் விட்டேன். வாசலில் அவள் என் கையை விடவே இல்லை. "சரிடி, அம்மாவுக்குச் சோலி கெடக்கு" என்று உருவிக்கொண்டு நடந்தேன். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. முனை திரும்பியதும் அங்கிருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள், அப்பா?