சாமியை அழைக்கும் அடி

வெள்ளி இரவு, கிள்ளான்.

பத்துமலையில் காவடிக்குச் சாமியை அழைக்க நான் கட்டிய உறுமி அடியை, ஜோடியாகப் பாடும் செராஸ் பையன்கள் இருவர் ஆட்டப் பாட்டில் போட்டுவிட்டார்கள். எங்கள் உறுமிப் பயிற்சிக்கு வந்து கைப்பேசியில் பதிவு செய்தபோதே, கோயிலுக்கு மட்டும்தான் என்றேன். தலையாட்டினார்கள். இப்போது ரேடியோ, கல்யாணம், கடை எங்கும் அதுதான்.

இன்று பேரங்காடியில் மீன் வாங்கும்போது அந்தப் பாட்டு வந்தது. என் மகள் சரோஜாவுக்கு அருள் வந்துவிட்டது. ஈரத் தரையில் தலைவிரித்து ஆடினாள். சுற்றி நின்று படம் எடுத்தார்கள். முகத்தில் தண்ணீர் அடித்த பிறகே சாமி மலையேறியது.

பையன்களைப் போனில் பிடித்தேன். “அங்கிள், அக்கா வீடியோ செம வைரல் லா! பாட்டு மறுபடி நம்பர் ஒன்” என்றான் ஒருவன்.

சரோஜா சாப்பிடவில்லை. “இந்த வருஷம் காவடி வேணாம்பா. இத்தனை நாளா எனக்கு வந்தது சாமியா, வெறும் கொட்டுச் சத்தமான்னு தெரியல” என்றாள்.

பையன்கள் அந்த அடியைப் பாட்டிலிருந்து எடுக்க வேண்டும். சரோஜா புருஷன், என் மருமகன், நாளை என்னைச் செராஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். சரோஜா நேர்ந்துகொண்டபடி காவடி எடுக்க வேண்டும். நான் அதே அடியைத்தான் அவளுக்கு வாசிக்க வேண்டும். ஓர் அடியும் தவறக் கூடாது.