போளூர் என்று வாசித்துவிட்டேன், மதினி

பெருமதிப்பிற்குரிய மதினி ஸ்டெல்லா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து ஓராண்டுக்கு மேல் கழித்து இம்மடலை வரைகிறேன்; தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். நற்செய்தி ஒன்று சேரட்டும் என்று காத்திருந்தேன். சேரவில்லை.

கணவனையும் மனைவியையும் கோர்ட்டுக்கு அனுப்பாமல் ஒரே மேசையில் அமர்த்திப் பேசித் தீர்க்கலாம் என்று, வக்கீலான தாங்கள் சொன்னபோது கொடைக்கானலே சிரித்தது. ஒரு தரப்புக்குத் தாங்கள். எட்டாம் வகுப்போடு நின்று சட்டத்தைத் தானே கற்றுக்கொண்ட நான் மறு தரப்புக்கு. "நாத்தனாளும் மதினியும் ஒரே மேசையில ஒக்காந்திருக்காளுக, இதுக்கு மேல என்ன சமாதானம் வேணும்?" என்று ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் கேலி பேசினார்களே, நினைவிருக்கிறதா?

மேசையில் பேசியது வெளியே போகக் கூடாது. பேச்சு முறிந்து கோர்ட்டுக்குப் போனால் நாமிருவரும் அவ்வழக்கிலிருந்து விலகிவிட வேண்டும். இதில் நால்வரும் கையொப்பமிட்ட பிறகே தேநீர் வரும்.

தாங்கள் போனபின் நான் தனியாக ஏற்ற முதல் குடும்பம் வடகவுஞ்சியைச் சேர்ந்தது. கணவன் காசியின் அடிக்குப் பயந்து ஓடிவந்தவள் பொன்னுத்தாயி. ஒளிந்திருக்கும் இடத்தை என்னிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? "தற்போது கொடைக்கானல் மேல்மலைப் போளூரில் தம் சித்தி மகள் இல்லத்தில் வசித்து வருபவருமான பொன்னுத்தாயி" என்று ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே தட்டச்சு செய்து, காசியின் முன்னால் கணீரென்று வாசித்தேன். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை.

காசி சிரித்தான். "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கக்கா. போளூருதானா? நான் எங்கெங்கயோ தேடிக்கிட்டுக் கெடக்கேன்." கையொப்பமிட்டுத் தேநீரையும் குடித்தான். எழும்போது அவளைப் பார்த்துச் சொன்னான்: "என் வீட்டுக்கு வரலேன்னா நீ எந்த வீட்லயும் இருக்க மாட்ட."

அவன் போனபின் பொன்னுத்தாயி அழவில்லை. "நீங்க எழுதுறது எல்லாம் நெசமா இருக்குங்கக்கா. அதான் பயமா இருக்கு" என்றாள்.

பெண்களின் இருப்பிடத்தைத் தாங்கள் 'கொடைக்கானல் தாலுகா' என்று மட்டும் எழுதுவீர்கள். சோம்பல் என்று எண்ணி, எத்தனை முறை தங்களைத் திருத்தியிருப்பேன்? ஏன் ஒருமுறையும் காரணம் சொல்லவில்லை, மதினி?

வேறு போக்கிடம் இல்லாததால் அவள் போளூருக்கே திரும்பினாள். அடுத்த அமர்வுக்குக் காசி வரவில்லை. இன்று மதியம், போளூருக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர் வழிமறித்தார். "அக்கா, ஒங்க மேசைக்கு வந்த ஆளு இந்த வாரம் ரெண்டு தடவ போளூர்ல எறங்குனாரு. ஒருத்தர் வீட்டுக்கும் போகல. ரோட்டுல நின்னு ஒரு வீட்டையே பாத்துட்டுத் திரும்பி ஏறிட்டாரு."

உடனே போகலாம் என்றேன். மூடுபனி இறங்கிவிட்டது, வண்டி எடுக்க முடியாது என்றுவிட்டார். பேருந்தும் போய்விட்டது. இப்போது மணி நான்கு. சன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை.

குடும்பங்களுக்கென்றே தனி நீதிமன்றம் வரப்போகிறதாம், செய்தித்தாளில் படித்தேன். தாங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். அது எந்த ஊருக்கு, எப்போது வரும்? பொன்னுத்தாயிக்கு நாளை வர வேண்டும்.

மேசைப் பேச்சு வெளியே போனால் அடுத்த பெண் வந்து அமர மாட்டாள் என்று மருத்துவமனையில்கூடச் சொன்னீர்கள். ஆயினும் வாக்களிக்கிறேன்: நாளை முதல் பேருந்தில் சென்று அவளை அழைத்துவருவேன். காவல் நிலையத்தில், காசி மேசையில் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுப்பேன். அவள் தங்கும் இடத்தை மட்டும் எழுத மாட்டேன். அதன்பின் அந்த மேசையில் அமரும் தகுதி எனக்கில்லை. தங்கள் பெயர்ப்பலகையை நானே கழற்றிவிடுகிறேன்.

நான் செய்வது தவறென்றால், முதல் பேருந்து புறப்படுமுன் தெரிவியுங்கள். தயவுசெய்து விரைந்து பதில் எழுதவும்.

தங்கள் நாத்தனார்,
அருள்மேரி